மருந்து செய்த தீங்கை யாரிடம் சொல்வது?

பேராதனை என்றவுடன் மகாவலி கங்கை வளைந்து சூழும் தாவரத் தோட்டத்தையும், ஹந்தானை மலையின் அடிவாரத்திலே பரந்து கிடக்கும் பல்கலைக்கழகத்தையும் நினைவுகூர்வோரே மிகுதி. அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், நம்முடைய வேலியோரங்களிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் மூலிகைகளை எடுத்து, அவற்றால் விளையும் குணத்தை விட்டுவிட்டு, விளையக்கூடிய கேட்டினைத் தேடிச் சென்றார்கள் என்ற செய்தி பொதுமக்களுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. நுண்ணுயிரியல் அறிஞர் சரத் அர்சகுலரத்ன, இரசாயன அறிஞர் லெஸ்லி குணதிலக, நோயியல் அறிஞர் பானபொக்க ஆகிய அம்மூவரும் இலங்கையின் சுதேச வைத்தியத்தில் வழங்கும் 50 மூலிகைகளைச் சோதித்து, 1981இல் தம் முடிவுகளைப் பிரசுரித்தனர்.

அந்த 50இல் மூன்று, ஈரலைக் கெடுக்கும் ‘பைரோலிசிடின்’ வகை அல்கலாய்டுகளுக்குரிய சோதனையில் அகப்பட்டன. கிலுகிலுப்பை ஒன்று, வயிற்றுளைச்சலுக்குக் கொடுக்கும் குடசப்பாலை மற்றொன்று, மூன்றாவது, கேட்டால் நம்மவர் முகம் சுளிக்கும்படியாக, ஆவாரை. ஆவாரை பூத்த ஊரில் சாவாரைக் காண முடியாது என்று பழமொழி கூறும் அதே ஆவாரைதான். சிங்களத்தில் ரணவரா என்று பெயர் பெற்று, உலர்த்திய பூவாகப் பொட்டலம் பொட்டலமாக விற்கப்பட்டு, தேநீருக்குப் பதிலாகக் குடிக்கப்படும் அதே ஆவாரைதான். இவற்றைக் கலந்த தீனியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, ஈரலின் நடுநாளங்கள் சிதைந்து, அவற்றைச் சூழ்ந்த பகுதியில் இரத்தம் தேங்கி, உயிரணுக்கள் இறந்து கிடந்தன. சுவாசப்பையிலும் சிறுநீரகத்திலும்கூட மாறுதல்கள் தென்பட்டன. ஆசிய, ஆபிரிக்க நாடுகளில் நாட்பட்ட ஈரல் நோயும் ஈரற் புற்றுநோயும் மிகுந்திருப்பதற்கு இத்தகைய மூலிகைகளும் ஒரு காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆகலாம் என்றார்களே ஒழிய, ஆவாரம்பூத் தேநீர் குடித்த இன்னாருக்கு ஈரல் கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. எலிக்குத் தீனியில் கலந்து கொடுத்த அளவும் மனிதர் கோப்பையில் ஊறவைத்துக் குடிக்கும் அளவும் ஒன்றாகா.

அப்படியானால் எலியிடம் கண்டதை மனிதரிடம் உறுதிசெய்வதோ மறுப்பதோ எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. மனிதருக்கு நஞ்சைக் கொடுத்துப் பரிசோதிக்க முடியாது; தற்செயலாகத் தீங்கு நேர்ந்தபோது அதனை ஒருவர் கவனித்து, எழுதி, பிறரும் பார்க்கும்படி ஓரிடத்தில் சேர்த்து வைத்தால்தான் உண்மை புலப்படும். ஜமேக்காவில் காட்டு மூலிகைகளைக் காய்ச்சிய நீரைக் கொடுத்து வளர்த்த குழந்தைகளுக்கு வயிறு ஊதி ஈரல் பருத்ததை 1950களில் அங்கிருந்த மருத்துவர்கள் வரிசையாகக் குறித்து வைத்தமையாலேதான் இந்த நோய் உலகத்தாருக்கு அறிமுகமாயிற்று. இந்தியாவில் சர்குஜா மாவட்டத்து ஆதிவாசிகளிடையே 1970களில் இதே நோய் கொள்ளைநோய்போல் பரவியபோது, சாமை அரிசியிலே கிலுகிலுப்பை இனத்து விதைகள் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஊரோடு ஒருங்கே விழுந்தால் ஊரார் விழிப்பார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலே இருக்கும் ஒரு கிழவி, முழங்கால் வலிக்காகப் பல்லாண்டு ஏதோ ஒரு குடிநீரைக் குடித்து, பின்னர் மஞ்சள் பூத்து வயிறு வீங்கி மாண்டால், ‘ஈரல் வருத்தம்’ என்ற இரண்டு சொற்களோடு அவள் கதை முடிந்துவிடும்.

இவ்விஷயத்தில் உலகத்துக்குப் பெரிய பாடம் புகட்டியது சீன மருந்து; அதுவும் சீனாவிலன்று, பெல்ஜியம் தேசத்துத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில். அங்கே உடற்பருமனைக் குறைக்கும் வைத்தியசாலை ஒன்றில் சுமார் 15 ஆண்டுகளாக ஒரு சிகிச்சை முறை பெரிய தொல்லையின்றி நடந்து வந்தது. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த மருந்துக் கலவையிலே இரண்டு சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அதன்பின் 1992இல், ஐம்பது வயதுகூட நிரம்பாத இரண்டு பெண்கள், சிறுநீரகம் விரைவாகச் சுருங்கி நாரேறிப் போன நிலையில் வந்து சேர, அவர்களைப் பார்த்த வான்ஹெர்வெகெம் என்னும் சிறுநீரக மருத்துவர், இருவரும் ஒரே வைத்தியசாலையில் மெலிவதற்கு மருந்துண்டவர்கள் என்பதைக் கேட்டறிந்தார். கேட்டறிந்தார் என்ற இந்தச் சிறு காரியத்தின் அருமையை எவ்வளவு சொன்னாலும் தகும். அவர் அத்தோடு நில்லாமல் நகரத்திலுள்ள மற்றச் சிறுநீரகச் சிகிச்சை நிலையங்களிலும் விசாரிக்க, இதே சரித்திரமுடைய மேலும் ஏழு பெண்கள் வெளிப்பட்டனர். ஒன்பது பேரின் கதை 1993இல் பிரசுரமாயிற்று. காலப்போக்கில் அந்த எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

நேர்ந்த பிழை என்னவெனில், ஹான் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாகக் குவாங் ஃபாங் ஜி என்ற வேர் பொடியாகி வந்துவிட்டது. சீனக் கடைச்சரக்கில் இரண்டும் ஒரு குடும்பப் பெயரால் வழங்குபவை; தாவரவியலிலோ இவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. இரண்டாவது வேரில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்னும் கொடிய பொருள் இருந்தது. அது சிறுநீரகத்தை அழித்ததோடு அமையவில்லை. சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளில் 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தம் கெட்டுப்போன சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிக்கொள்ள உடன்பட்டனர். அகற்றிய உறுப்புகளைச் சோதித்தபோது 18 பேரிடத்தில் புற்றுநோய் இருந்தது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறிற்று. மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதன் வினை தொடர்ந்தது என்பதே இதன் பொருள். அரிஸ்டோலோகிக் அமிலமுள்ள மூலிகைகளைப் பின்னர் நாடு நாடாகத் தடைசெய்தார்கள். சீனாவே 2003இல் அவ்வினத்தைச் சேர்ந்த குவான் மு டோங் என்ற மூலிகையைத் தன் மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் வாளாவிருக்க இயலாது. அரிஸ்டோலோகிக் அமிலமுள்ள அந்த மூலிகைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி ஒன்று நம் நாட்டிலும் உண்டு. சிங்களத்தில் சப்சந்த என்பர், தமிழில் ஈசுரமூலி என்றும், வேடிக்கையாக, பெருமருந்து என்றும் பெயர். இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகிய பொன்னிறச் சிறகழகனுடைய புழுக்கள் இவ்வினக் கொடிகளின் இலையை உண்டே வளர்கின்றன. இலையின் நஞ்சைத் தம் உடம்பிலே தேக்கிக்கொண்டு, தம்மைக் கொத்த வரும் பறவைக்குக் கசப்பாகிவிடுகின்றன. புழுவுக்குக் கவசமான பொருள் நம் சிறுநீரகத்துக்கு அவ்வாறில்லை. வடமத்திய மாகாணத்து வயற்புறங்களில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டுகின்ற நிலையில், காட்மியம், ஆர்சனிக், புளோரைட்டு, பூச்சிமருந்து என ஆராய்ச்சியாளர் ஐயுற்ற காரணங்களின் வரிசையிலே இந்த மூலிகையும் இடம்பெற்றது. அதுவே காரணமென்று நிறுவப்படவில்லை. நிறுவப்படாததைக் கொண்டு வைத்தியர்களைத் தூற்றுவது அநியாயம். ஆனால் நோயாளி ஒவ்வொருவரும் எந்தக் கஷாயத்தை, எத்தனை நாள், யார் கையால் வாங்கிக் குடித்தார் என்ற குறிப்பு ஆரம்பம் முதலே எழுதப்பட்டு வந்திருந்தால், ஐயம் தெளிவதற்கு இத்தனை காலம் காத்திருக்க நேர்ந்திராது என்பது என் அபிப்பிராயம்.

மருந்தின் தீவிளைவை எழுதிச் சேர்க்கும் ஏற்பாடு உலகில் எப்படிப் பிறந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கர்ப்பிணிகள் உட்கொண்ட தாலிடோமைடு என்னும் மேனாட்டு மருந்தினால் கைகால் குறைந்த குழந்தைகள் பிறந்த கொடுமை 1961இல் வெளியானபின், பிரித்தானியா 1964இல் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் 1968இல் பத்து நாடுகளோடு ஒரு திட்டத்தை வகுத்தது. 1978 முதல் அதன் களஞ்சியம் சுவீடனில் உப்சாலா நகரிலே இருந்து வருகிறது. இலங்கை 2000ஆம் ஆண்டில் அத்திட்டத்தில் சேர்ந்தது. ஆக, இந்த ஏற்பாடு பிறந்ததே ஆங்கில மருந்தின் குற்றத்தால். நாட்டு மருந்தை மட்டந்தட்டுவதற்காக எவரும் இதனைப் படைக்கவில்லை. பிரித்தானியா மூலிகை மருந்துகளுக்கும் அந்த மஞ்சள் அட்டையை விரித்தது 1996இல்தான். அதன் பயனாகவே, நரையைப் போக்குமென்று விற்கப்பட்ட ஹோ ஷோ வூ என்னும் சீன வேரினால் ஈரல் அழற்சி உண்டாவதைச் சில அறிக்கைகளைக் கொண்டே கண்டறிந்து, 2006இல் மக்களை எச்சரிக்க முடிந்தது. அதே ஆண்டில் சீன அரசும், மீன்வாசனைப் பூண்டு எனப்படும் மூலிகையின் சாற்றிலிருந்து செய்த ஊசிமருந்துகள் ஏழினை, கடும் ஒவ்வாமையும் மரணமும் நேர்ந்ததாகத் தன் கண்காணிப்பு நிலையத்துக்கு வந்து குவிந்த அறிக்கைகளின் பேரில் நிறுத்தி வைத்தது. தன் பாரம்பரிய வைத்தியத்தைத் தேசப் பெருமையாகப் போற்றுகிற நாடே அதன் தீமையையும் எண்ணிக் கணக்கெடுக்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அறிக்கையென்று சொல்வதால் பெரிய காரியமென மலைக்க வேண்டியதில்லை. மருந்துண்டவர் ஒருவர், சொல்பவர் ஒருவர், ஐயத்துக்குரிய மருந்து ஒன்று, நேர்ந்த தீங்கு ஒன்று ஆகிய நான்கும் இருந்தால் அறிக்கையாகிவிடும். நிரூபிக்கும் பொறுப்பு சொல்பவருடையதன்று, ஐயமே போதும். மருந்துக்கும் தீங்குக்கும் உள்ள சம்பந்தம் உறுதியா, பெரும்பாலும் இருக்கக்கூடியதா, வெறும் சாத்தியமா என்று தரம் பிரிப்பது நிபுணர்களின் வேலை. மருந்துண்ட பிறகு எத்தனை நாளில் தீங்கு தோன்றிற்று, நிறுத்தியதும் தணிந்ததா, வேறு நோயால் வந்திருக்குமா என்ற கேள்விகளால் அவர்கள் அதனைச் சலித்து எடுப்பார்கள். குளிசையென்றால் பெயரும் அளவும் தொகுதி எண்ணும் அட்டையிலேயே இருக்கும். நாட்டு மருந்திலோ பதினைந்து சரக்குகள் ஒரே பானையிலே கொதிக்கின்றன. அவற்றுள் இரண்டு கடைக்காரர் மாற்றிக் கொடுத்தவையாக இருக்கலாம். ஒன்று மழையில் பூஞ்சணம் பிடித்ததாக இருக்கலாம். குடிப்பவரோ காலையிலே ஆஸ்பத்திரிக் குளிசையையும் மாலையிலே கஷாயத்தையும் உட்கொள்பவர். எதனால் எது வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

அந்த இரட்டை வாழ்க்கையைப் பற்றிப் பேராதனை மருத்துவபீடத்தைச் சேர்ந்த அர்ஜுன மெதகம முதலானோர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சீனி வருத்தத்துக்கு ஆங்கில மருந்துண்ணும் 252 பேரை விசாரித்ததில், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மூலிகைகளையும் கூடவே பயன்படுத்தி வந்தனர். தெபு இலைச் சம்பலும், கோவை இலைச் சுண்டலும், பாகற்காயும் உணவுதானே, அதிலென்ன மருந்து என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. குளிசையும் சீனியைக் குறைக்க, இலையும் சீனியைக் குறைத்தால், இரண்டும் ஒருங்கே சேர்ந்து அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டு ஆள் மயங்கி விழக்கூடும் என்பது அவர்கள் கருத்தில் தோன்றுவதில்லை.

உணவென்று நினைத்தது நஞ்சான கதை கண்டியிலேயே உண்டு. சிங்களத்தில் காமரங்கா என வழங்கும் தமரத்தங்காயைச் சீனி வருத்தம் உள்ளவர்கள் சாறு பிழிந்து குடிக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. கண்டியையும் பேராதனையையும் சேர்ந்த மருத்துவர்கள், அந்தக் காயை உண்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட இருவரைப் பற்றி 2015இல் எழுதினார்கள்: ஒருவருக்குத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்தது, மற்றவருக்கு மெல்ல மெல்லக் கெட்டது. சிறுநீரகத்திலிருந்து கிள்ளியெடுத்த சிறு துணுக்கிலே ஒக்சலேற்றுப் படிகங்கள் நிறைந்திருந்தன. புளிப்பான அந்தக் காயில் ஒக்சலிக் அமிலம் மிகுதி. வெறும் வயிற்றில், உடம்பில் நீர் வற்றிய வேளையில், பெருமளவு குடித்தால் அது சிறுநீரகக் குழாய்களிலே போய் உறைந்துவிடும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு அதிலுள்ள வேறொரு நஞ்சு மூளையையும் தாக்கி, விடாத விக்கலையும் வலிப்பையும் உண்டாக்கும். புளிச்சக்காய் எனப்படும் அதன் உறவுக்காயின் சாற்றைக் கேரளத்தில் கொழுப்புக் குறையுமென்று குடித்த பத்துப் பேருக்கு இதே கதி நேர்ந்ததாக 2013இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதியிருந்தனர். மரத்தில் பழுத்துத் தொங்குவதற்கு விலைச்சீட்டும் இல்லை, எச்சரிக்கைச் சீட்டும் இல்லை.

இத்தகைய விஷயங்கள் ஏன் வெளிவருவதில்லை என்று கேட்டால், குற்றம் முழுவதையும் நோயாளியின் தலையில் கட்டுவது சரியாகாது. ஆஸ்பத்திரி வாங்கிலே காத்திருந்து இரண்டு நிமிஷம் டாக்டரைக் காணும் ஒருவர், ‘பரியாரியாரிடமும் மருந்தெடுக்கிறேன், ஐயா’ என்று சொன்னால், பெரும்பாலும் கிடைப்பது ஏச்சு. ஒருமுறை ஏச்சு வாங்கியவர் மறுமுறை வாய் திறப்பாரா? அவ்வாறே பரியாரியாரிடம் போய், உங்கள் லேகியத்தால் உடம்பெல்லாம் தடித்தது என்று சொல்வதும் நம்மவர்க்குக் கூச்சமான காரியம். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்தவர், பல வேளைகளில் காசும் வாங்காதவர். மேனாட்டு மருந்துகளிலேயே நேரும் தீவிளைவுகளில் நூற்றுக்கு ஆறளவே அறிக்கையாகின்றன என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த கணிப்பொன்று கூறுமானால், கஷாயத்தின் கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

சுதேச வைத்தியர்களோ இத்தகைய கணக்கெடுப்பைத் தம்மீது வைத்த பழியாகவே பெரிதும் எண்ணுகிறார்கள். அந்த மனக்கசப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2004இல் அமெரிக்க ஆய்வொன்று வெளியானபோது, ஐந்தில் நான்கு பங்கு மருந்துகளில் அவை அகப்படவில்லை என்பதை எத்தனை பத்திரிகைகள் எடுத்துச் சொல்லியிருக்கும்? எனினும், மருந்துக்குத் தீங்கு உண்டென்பதை நம் வைத்திய மரபு ஒருபோதும் மறுத்ததில்லை. வச்சநாவியைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாதென்று கற்பித்ததும், சேங்கொட்டை பட்டால் உடல் வெடித்துப் புண்ணாகும் என்றறிந்து அதற்கு முறிவு வகுத்ததும், பத்தியம் தவறினால் மருந்தே நஞ்சாகும் என்று எச்சரித்ததும் அந்த மரபே. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்களைத் தொகுத்த பெருமக்கள், தமக்கு முன்னிருந்தோரின் அனுபவத்தை எழுத்தில் வைத்தமையாலேயே அவை நமக்குக் கிடைத்தன. இன்றைய வைத்தியர் ஒருவர், தம் சூரணத்தால் ஒருவருக்கு வாந்தி கண்டதென்று ஒரு தாளிலே குறித்து அனுப்புவது, அம்மரபுக்கு விரோதமாகாது.

ஏற்பாட்டிலே உள்ள குறை வேறு. இந்நாட்டில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவை 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் ஒரு திணைக்களத்தைச் சேர்ந்தவை. ஆங்கில மருந்துகள் 2015இல் ஏற்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் ஆட்சிக்குட்பட்டவை. நோயாளியின் வயிற்றிலே இரண்டும் கலந்துவிடுகின்றன; அரசாங்கக் கோப்புகளில் தனித்தனியே கிடக்கின்றன. இந்தியாவில் 2008இல் ஜாம்நகரில் தொடங்கிப் பின்னர் தளர்ந்து, மறுபடி 2018 அளவில் புதுப்பிக்கப்பட்ட, நாட்டு மருந்துகளின் தீவிளைவைப் பதியும் திட்டத்திலே, புதுடில்லியிலுள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனம் தலைமை நிலையமாகவும், தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் சித்த மருந்துகளுக்குரிய இடைநிலையமாகவும் அமைந்திருக்கின்றன. சித்த மருத்துவர் எழுதுவதைச் சித்த மருத்துவரே படித்துத் தரம் பிரிப்பதால், வெளியார் வந்து குற்றம் சாட்டுகிறார் என்ற ஆவலாதிக்கு அங்கே இடமில்லை.

பதிவேட்டின் வலிமையைப் பேராதனைக்கு எவரும் புதிதாக உபதேசிக்க வேண்டியதில்லை. பேராதனை மருத்துவபீடத்திலே தளம் கொண்ட தென்னாசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு, ஆஸ்பத்திரிகளுக்கு நஞ்சருந்தி வந்தவர்களை ஒருவர் தவறாமல் பதிந்து, எந்தப் பூச்சிமருந்தைக் குடித்தவர் எத்தனை பேர் இறந்தார் என்று பிரித்துக் காட்டியது. எல்லாப் பூச்சிமருந்தும் ஒன்றுபோல் கொல்வதில்லை என்பது அந்த ஏடுகளிலிருந்து வெளிப்பட்டது. மிகக் கொடியவற்றுள் பரகுவாட் உட்பட மூன்று, 2008க்கும் 2011க்கும் இடையே படிப்படியாக விலக்கப்பட்டன. பயிர் விளைச்சல் குன்றவில்லை. தற்கொலை மரணங்கள் மேலும் குறைந்தன. பூச்சிமருந்துக்குச் செய்த அதே காரியத்தை வாதக் குடிநீருக்கும் மெலிவிக்கும் தேநீருக்கும் செய்வதற்கு வேண்டிய அறிவு இவ்வூரிலே ஏற்கெனவே இருக்கிறது.

இனி, மருந்துண்டு உடம்பு கெட்டவர் செய்யத்தக்கது யாதெனில், மிச்சமிருக்கும் சரக்கை எறிந்துவிடாமல் காகிதத்திலே பொதிந்து ஈரம்படாமல் வைத்துக்கொண்டு, பொட்டலமோ சிட்டையோ இருந்தால் அதனையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது. இடிக்காத முழு வேரும் உதிராத இலையும் பொடியைவிட மதிப்புள்ளவை. பேராதனைத் தோட்டத்திலுள்ள தேசிய உலர்தாவரக் களஞ்சியத்தில் அழுத்திப் பாதுகாக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டால், கடைக்காரர் சொன்ன மூலிகைதானா அது என்று தாவரவியலார் சொல்லிவிடுவர். தொடங்கிய நாள், தொல்லை கண்ட நாள், நிறுத்திய நாள், உடன் உட்கொண்ட குளிசைகள் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கொப்பித் தாளிலேனும் குறித்துக்கொண்டு, டாக்டரிடமும் மருந்து கொடுத்த வைத்தியரிடமும் ஒன்றையே சொல்ல வேண்டும். டாக்டர் ஏசினால் ஏசட்டும். எழுதிக்கொள்ளும்படி கேட்க நோயாளிக்கு உரிமையுண்டு. அந்த மருந்துதானா காரணம் என்று தெரிந்துகொள்வதற்காக மறுபடியும் ஒரு வேளை குடித்துப் பார்க்கும் விபரீதத்தில் மட்டும் ஒருவரும் இறங்கலாகாது. முதல் முறை தடித்த உடம்பு இரண்டாம் முறை மூச்சையே அடைத்துவிடக்கூடும்.